ஆண் பூவுக்கு அடியில பிஞ்சு இருக்காது

எங்க கொல்லையில இருந்த பரங்கிக்கொடிய யாரும் நடல. மச்சான் மவுத்தான மூணாம் நாள் இறந்தவங்களுக்காகக் கத்தம் ஓதி, வந்தவங்களுக்கு நெய்ச்சோறும் தால்ச்சாவும் ஆக்கிப் போட்டாங்க. தால்ச்சாவுக்குப் பரங்கிக்காய் அரிஞ்ச பொம்பளைங்க உள்ள இருக்குற கொழகொழப்பையும் விதையையும் வழிச்சு, பாத்திரம் கழுவுற தண்ணி போற காவாய் ஓரமா வீசிட்டுப் போயிட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா ரெண்டு ரெண்டு இலையா அங்கங்க எட்டிப் பாக்குது. மத்ததையெல்லாம் கோழி கொத்திடுச்சு. ஒண்ணு மட்டும் துவைக்கிற கல்லு மறைவுல இருந்ததால தப்பிச்சுது.

மச்சான்னா என் வீட்டுக்காரங்க. சவுதியில ஒரு மளிகைக் கடையில வேலை. எங்களுக்குக் கல்யாணம் ஆகி மூணு வருசம். அதுல அவங்க என்கூட இருந்தது ரெண்டு லீவு. ரெண்டாவது லீவு முடிஞ்சு போயி ஒரு மாசம் ஆகல, படுத்தவங்க காலைல எந்திரிக்கல. ரூம்ல கூட இருந்தவங்க போன் பண்ணாங்க. அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க. நாங்க முகம் பாக்கல. மண்ணு போட்டவங்க யாருன்னு கூட தெரியாது.

புருசன் மவுத்தானா பொண்டாட்டி நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ளயே இருக்கணும். அதுக்குப் பேரு இத்தா. வெள்ளைச் சேலைதான். நகை கிடையாது, பூ கிடையாது, வெளி ஆம்பளைங்க கண்ணுல படக்கூடாது. வயித்துல புள்ள இருந்தா அது பொறக்குற வரைக்கும் இத்தா. புள்ள இருக்கா இல்லையான்னு எல்லாருக்கும் தெளிவாத் தெரியணும், அதுக்கும்தான் இந்த ஏற்பாடுன்னு ஓத வந்த ஆலிமா சொன்னாங்க. அதைச் சொல்லும்போது அங்க இருந்த அத்தனை பொம்பளைங்களும் என் வயித்தைப் பாத்தாங்க.

மாமிக்கு, அதான் என் மாமியாருக்கு, மச்சான் ஒரே புள்ள. மாமனார் மலேசியாவுக்குப் போயி போயி வந்துட்டு இருந்தவங்க, நான் கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடியே மவுத்தாயிட்டாங்க. இப்ப வீட்டுல நானும் மாமியும்தான். எங்க அத்தா, அதான் என்னைப் பெத்த அப்பா, மூணாம் நாளே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. புள்ள தங்கியிருந்தா அவ இங்க இருக்கட்டும், இல்லன்னா இத்தா முடிஞ்சதும் நான் கூட்டிட்டுப் போயிடுறேன், சின்ன வயசு, ஒரு நல்ல எடமாப் பாக்கணும்னு. மாமி தலைய ஆட்டுனாங்க. என்கிட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்னு தெரியல.

நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன். செடி கொடியப் பத்தி எனக்கு எதுவும் தெரியாது. வயல் ஊருல பொறந்துட்டு இதைச் சொன்னா சிரிப்பாங்க. ஆனா எங்க தெரு ஆளுங்க வயலுக்குப் போறவங்க இல்ல, கடைக்குப் போறவங்க, இல்லன்னா சபருக்குப் போறவங்க. தெருவுல நாலு வீட்டுக்கு மூணு வீட்டுல ஆம்பளை வெளிநாடு. நெல்லு எங்களுக்கு மூட்டையாத்தான் வீட்டுக்கு வரும். டிவிய மாமி துணி போட்டு மூடிட்டாங்க. ஓதுறது, தொழுவுறது, சாப்பிடுறது, அழுவுறது. அழுதும் முடிஞ்சா பாக்குறதுக்கு அந்தக் கொல்லைதான். நாலு பக்கமும் சுவரு. ஒரு மூலையில தென்னை, ஒரு அடிபம்பு, துவைக்கிற கல்லு. அப்புறம் இந்தக் கொடி.

அது வளர்ந்த வேகத்தைப் பாத்து எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு. காலைல ஒரு எடத்துல இருக்கும், சாயங்காலம் ஒரு சாண் தள்ளி இருக்கும். உனக்கு என்ன இவ்வளவு அவசரம்னு கேட்டிருக்கேன், வாய் விட்டு. கல்லு மேல ஏறி, சுவத்துல ஏறி, குளியலறை ஓட்டு மேல போயிடுச்சு. ஆவணி கடைசியில பூ விட்டுச்சு. விடியக்காலை சுபுஹு தொழுதுட்டு கதவத் தொறந்தா கொல்லை முழுக்க மஞ்சள். மாமி கூட வந்து நின்னு பாத்தாங்க. "இந்த வருசம் பரங்கிக்காய் வாங்க வேணாம்"னாங்க.

ஆனா ஒரு பூவும் காய்க்கல. காலைல விரியும், பத்து மணிக்கெல்லாம் சுருங்கிடும், மறுநாள் கீழ கெடக்கும்.

பின்பக்க வீட்டு அக்கா தெனம் கொல்லைக் கதவு வழியா வருவாங்க. நடவு, களையெடுப்புன்னு வேலைக்குப் போறவங்க. அவங்க வீட்டுக்காரரு திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருந்தாரு. எங்களுக்குக் கடைக்குப் போறது, மாவு அரைச்சுட்டு வர்றது எல்லாம் அந்த அக்காதான். கொடியப் பாத்துட்டு இடுப்புல கைய வெச்சுக்கிட்டாங்க.

"பாயம்மா, இதெல்லாம் ஆம்பளைப் பூ. ஷோக்குக்குப் பூத்துட்டு ஓடிப்போயிடும். எங்க வீட்டு ஆளு மாதிரி."

மாமிக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மகன் போனப்புறம் அவங்க சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான். சிரிச்சுட்டு உடனே வாய முந்தானையால மூடிக்கிட்டாங்க.

"பொம்பளைப் பூ எப்படிக்கா இருக்கும்?"னு கேட்டேன்.

"அடியிலயே உருண்டையா குட்டிப் பிஞ்சு இருக்கும் பாப்பா. பூ விரியுறதுக்கு முன்னாடியே இருக்கும். ஆம்பளைப் பூவுக்கு வெறும் காம்புதான். இத்தனை ஆம்பளைப் பூவும் கொடியோட தெம்பை உறிஞ்சிட்டு இருக்கு. பறிச்சுப்புடுங்க. பறிச்சா அந்தத் தெம்பு பொம்பளைப் பூவுக்குப் போயிடும்."

எங்களுக்கு அது சரின்னு பட்டுச்சு. மாமி தெனம் காலைல கூடையோட வந்து ஒண்ணு விடாமப் பறிச்சாங்க. கடலை மாவுல தோய்ச்சு எண்ணெயில போடுவாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு ரெண்டு கூடவே வைப்பாங்க. அப்ப எனக்கு எல்லாமே ரெண்டு கூடத்தான். முட்டை, பால், பேரீச்சம்பழம். குடத்தைத் தூக்க விட மாட்டாங்க. ஏன்னு நானும் கேக்கல, அவங்களும் சொல்லல. மச்சான் போனதுலேர்ந்து எனக்குத் தீட்டு வரல. அது ரெண்டு பேருக்கும் தெரியும்.

மெடிக்கல்ல அட்டை விக்கிறாங்க, சிறுநீர் ஒரு சொட்டு விட்டா தெரிஞ்சிடும், அக்காவ வாங்கிட்டு வரச் சொல்லட்டுமான்னு ஒரு நாள் கேட்டேன். மாமி அரிசி புடைச்சிட்டு இருந்தாங்க. முறத்தை நிறுத்தாமயே, "எதுக்குடி நோண்டிப் பாக்கணும்? அல்லா கொடுத்திருந்தா வயிறே சொல்லும்"னாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சுக்க வேணாம்னு எனக்குப் புரிஞ்சுது. தெரியாத வரைக்கும் புள்ள இருக்குது, அவ்வளவுதான். எனக்கோ தெரிஞ்சே ஆகணும்போல இருந்துச்சு. வேணுமா வேணாமாங்கிறது வேற. ஒரு நேரம் வேணும்னு இருக்கும், மச்சான் மூக்கு மாதிரியே ஒரு மூக்கோட. ஒரு நேரம் இருபத்தொரு வயசுல இந்த நாலு சுவத்துக்குள்ள நான் இனிமே எப்பவும் இருக்கணுமான்னு இருக்கும். ரெண்டும் நெசம்தான்.

புரட்டாசியில முதல் பொம்பளைப் பூ வந்துச்சு. அக்கா சொன்ன மாதிரியே. கட்டையா ஒரு காம்பு, கோலிக்குண்டு அளவுக்கு ஒரு பிஞ்சு, அதுல வரி கூட விழுந்திருந்துச்சு, அதுக்கு மேல மூடுன மொட்டு. எனக்கு அது பெரிய அதிசயமா இருந்துச்சு. பூத்து அப்புறம்தான் காய்க்கும்னு நெனைச்சிட்டு இருந்தேன். இங்க காயி முதல்லயே தயாரா ஒக்காந்திருக்கு. மாமிய இழுத்துட்டு வந்து காட்டுனேன். மாமி அதைத் தொடாம, கைய அதைச் சுத்தி வெச்சுப் பாத்தாங்க.

அது மஞ்சளாகி விழுந்துடுச்சு. அடுத்ததும் விழுந்துச்சு. அதுக்கடுத்ததும்.

சாம்பல் போட்டோம். அக்கா ஒரு கூடை எரு கொண்டாந்து போட்டாங்க. கண்ணு பட்டுடுச்சுன்னு மாமி ஓதி ஊதுனாங்க. அப்புறம் அக்கா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. தனியான்னா என்ன, மாமி ரெண்டடி தள்ளித்தான் ஒக்காந்திருந்தாங்க.

"பாப்பா, தப்பா நெனைக்காத. வீட்டுக்குத் தூரமா இருக்குறப்ப கொடியத் தொட்டியா? தொட்டா பிஞ்சு வெம்பிடும்."

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள மாமி சொன்னாங்க, "அவளுக்கு இன்னும் ஆகல."

எப்பவும் மெதுவாப் பேசுறவங்க, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்குற மாதிரி சொன்னாங்க. "எம் புள்ள விமானம் ஏறுனதுலேர்ந்து ஆகல."

"ஆத்தீ! சேதி அப்படியா போவுது!"ன்னு அக்கா என் கன்னத்தைக் கிள்ளுனாங்க. எனக்கு உள்ள போயி கதவச் சாத்திக்கணும்போல இருந்துச்சு.

மறுநாள் காலைல மாமிக்கு முன்னாடி நான் கொல்லைக்குப் போயிட்டேன். அன்னைக்கு ஒரு பொம்பளைப் பூ விரிஞ்சிருந்துச்சு. அதுக்குள்ள நல்லா உத்துப் பாத்தேன். நடுவுல மூணு உதடு மாதிரி, தொட்டா பிசுபிசுங்குது. பக்கத்துல ஒரு ஆம்பளைப் பூவைப் பிரிச்சேன். நடுவுல ஒரே ஒரு தண்டு, விரலால தொட்டதும் மஞ்சப் பொடி அள்ளிக்கிச்சு. முக்காட்டுலயும் ஒட்டிக்கிச்சு. வெள்ளைத் துணியில அந்தக் கறை சோப்புப் போட்டும் போகல. "இத்தாவுல என்னடி மஞ்சப் பூசிக்கிட்டு நிக்கிறே"ன்னு மாமி பதறிட்டாங்க.

ஒரு பக்கம் பொடி, ஒரு பக்கம் பிசின். பொடி ஒட்டத்தான் அந்தப் பிசின் இருக்குதுன்னு தோணுச்சு. அப்ப நாங்க தெனம் பறிச்சுப் பொரிச்சுத் தின்னது என்னது? பொம்பளைப் பூவுக்குத் தெம்பு சேரட்டும்னு, அதுக்கு வேண்டியதையே கூடையில அள்ளிட்டு இருந்திருக்கோம். கொண்டு வந்து சேக்க தேனீயும் இல்ல. சம்பா வயல்ல மருந்தடிச்சிட்டு இருந்தாங்க, வாசம் கொல்லை வரைக்கும் வரும்.

மாமிகிட்ட, ஒரு வாரம் பூவைப் பறிக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். அப்புறம் ஒரு நாள் நல்ல வேளையா ரெண்டு பொம்பளைப் பூ ஒண்ணா விரிஞ்சுச்சு. ஒரு ஆம்பளைப் பூவோட இதழையெல்லாம் கிழிச்சுட்டு, அந்தத் தண்டை ஒண்ணுல மட்டும் நல்லாத் தேய்ச்சேன். இன்னொண்ணைத் தொடல. வேணும்னேதான் விட்டேன். எனக்கு ரெண்டு காய் தேவையில்ல, எது சரின்னு தெரியணும். மாமி பின்னாடி நின்னு பாத்துட்டு, "வெக்கங்கெட்டவ"ன்னாங்க. ஆனா போகல, நின்னாங்க.

தொடாத பிஞ்சு மஞ்சளாயிடுச்சு. தேய்ச்ச பிஞ்சு கழுத்தை வளைச்சுக் கீழ பாத்துச்சு, பச்சையாவே இருந்துச்சு. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆனப்ப நான் கொல்லையில தனியா நின்னு சத்தமா சிரிச்சேன். மச்சான் போனப்புறம் நான் சிரிச்சது அதான் முதல் தடவை. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் அழுதேன். மச்சான் இருந்து போன்ல சொல்லியிருந்தா கேட்டுட்டு, உனக்கு வேற வேலையே இல்லையாடின்னு சொல்லியிருப்பாங்க.

அப்புறம் எனக்கு அந்தக் கொடிய விட முடியல. ஒரு பிஞ்சுக்கு ஒரு பூவோட பொடி போதும், அதுலயே மிச்சம் இருக்குது. பின்ன எதுக்கு இத்தனை ஆம்பளைப் பூ? ஓட்டு மேல, வெயில் காயுற எடத்துல போன கிளையில வெறும் ஆம்பளைப் பூதான். காவாய் ஓரம், கஞ்சித் தண்ணி போற எடத்துல பொம்பளைப் பூ வருது. அக்கா எரு கொட்டுன பக்கம் இலைதான் யானைக்காது மாதிரி வந்துச்சு, பிஞ்சக் காணோம். அடிபம்பு ரிப்பேராகித் தண்ணி ஊத்தாத வாரத்துல ஒரு பொம்பளைப் பூ கூட வரல. ஐப்பசி மழை விழுந்து நல்லா ஊறுனதும் வரிசையா வந்துச்சு. பாத்துப் பாத்து எனக்கா ஒண்ணு புரிஞ்சுது. ஆம்பளைப் பூன்னா நீட்டமா ஒரு காம்பு, காகிதம் மாதிரி இதழ், கொஞ்சம் பொடி. அரை நாள்ல முடிஞ்சிடும். கொடிக்கு அதுல பெருசா ஒண்ணும் போகாது. பிஞ்சுன்னா அப்படி இல்ல. அதை மாசக்கணக்குல சுமந்து ஊட்டணும். அதனால கையில தெம்பு இருந்தாத்தான் கொடி பொம்பளைப் பூ விடுது. இல்லாதப்ப ஆம்பளைப் பூவா விட்டுத் தள்ளுது. எங்கயாவது யாரு கொடியிலயாவது போயி ஒட்டட்டும்னு.

இதை மாமிகிட்ட சொன்னப்ப அவங்க பூண்டு உரிச்சிட்டு இருந்தாங்க. இன்னும் ரெண்டு பல்லு உரிச்சுப் போட்டாங்க.

"ஆம்பளைய அனுப்புறதுல என்ன இருக்கு"ன்னாங்க அப்புறம். "ஒரு பாஸ்போர்ட்டு, ஒரு பெட்டி, ஏர்போர்ட்டு வரைக்கும் ஒரு வேன். இந்தத் தெருவே அனுப்பிட்டு ஒக்காந்திருக்கு."

"நான் கொடியச் சொன்னேன் மாமி."

"நானும் கொடியத்தான்டி சொல்றேன். மூக்கைச் சிந்தாம பூண்டை உரி."

தென்னைய அண்ணாந்து பாத்தா அதுவும் அப்படித்தான். பாளை வெடிச்சா அரிசி மாதிரி கொட்டுறதெல்லாம் ஆம்பளைப் பூ. குரும்பையா வர்ற பொம்பளைப் பூ பாளைக்குக் கொஞ்சம்தான், அதுலயும் பாதி கீழ விழுது. நெல்லு எப்படின்னு அக்காகிட்ட கேட்டேன். "நெல்லுல ஏது ஆணும் பொண்ணும்? நெல்லு நெல்லுதான்"ன்னாங்க. ஆனா முன்னாடியே வெதைச்ச ஒரு வயல்லேர்ந்து பூத்த கதிர் ஒண்ணு ஒடிச்சிட்டு வந்தாங்க. உமி வாய் பொளந்து, உள்ளேர்ந்து குட்டிக் குட்டியா மஞ்சப் பை தொங்குது. நகத்தால பிரிச்சா அதே உமிக்குள்ள அடியில எறகு மாதிரி ஒண்ணு. ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ள! தேனீயும் வேணாம், ஷோக்கும் வேணாம். பொடியும் ரொம்பக் கம்மிதான். எங்கயும் போக வேண்டியதில்லைன்னா எதுக்கு அள்ளி எறைக்கணும்? சோறு திங்குறப்பல்லாம் இப்ப எனக்கு அது ஞாபகம் வருது.

நான் தேய்ச்ச பரங்கிப்பிஞ்சு தேங்காய் அளவுக்கு வந்த சமயம். ஒரு நாள் மதியம் லுஹர் தொழுகைக்கு மாமி வழக்கம்போல ரெண்டு தொழுகைப் பாயையும் பக்கம் பக்கமா விரிச்சாங்க. பாங்கு சொல்லி முடிஞ்சுது. தொழுகைக்குக் கை கால் கழுவ, ஒளு செய்ய, நான் போகல. அடுப்படி வாசல்லயே நின்னேன். காலைலேர்ந்து இடுப்பு வலி. அப்பதான் பாத்திருந்தேன். எங்கள்ல தீட்டு வந்தா தொழுகை இல்ல. மாமி திரும்பி என்னைப் பாத்தாங்க. குனிஞ்சு என் பாயை மட்டும் எடுத்து, நாலா மடிச்சு, அலமாரி மேல வெச்சாங்க. வெச்சுட்டு அவங்க தொழுதாங்க. அன்னைக்கு சுஜூதுல தரையில வெச்ச தலை ரொம்ப நேரம் எந்திரிக்கல. முதுகு மட்டும் குலுங்குச்சு.

மச்சான் மவுத்தான அன்னைக்குக் கூட அவங்க அப்படி அழல. அன்னைக்கு நம்பல. இன்னைக்குத்தான் நம்புனாங்க.

எனக்கு என்ன இருந்துச்சுன்னா, முதல்ல ஒண்ணுமே இல்ல. சரி, தெரிஞ்சிடுச்சுன்னு இருந்துச்சு. சாயங்காலம் கொல்லையில துணி அலசுறப்பதான் அந்த மூக்கு இனிமே எங்கயும் இல்லன்னு வந்துச்சு.

மூணாம் நாள் மாமியே அக்காவ அனுப்பி நர்ஸம்மாவக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. வயித்தை அமுக்கிப் பாத்துட்டு, எப்ப சாப்பிடுறே, எப்படித் தூங்குறேன்னெல்லாம் கேட்டாங்க. புள்ள தங்கல, பெரிய துக்கத்துல உடம்பு இப்படித் தள்ளிப் போடும், தெம்பில்லாதப்ப உடம்பு இந்த வேலையத்தான் முதல்ல நிறுத்தும்னாங்க. நான் சட்டுன்னு மாமியப் பாத்தேன். மாமி கொல்லைக் கதவப் பாத்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நெனைப்புதான்.

அதுக்கப்புறம் மாமி எனக்குக் கூட வைக்கிறதை நிறுத்திடுவாங்கன்னு நெனைச்சேன். முட்டை நின்னா அவங்க மனசு தெரிஞ்சிடும்னு கொஞ்சம் பயத்தோடதான் தட்டைப் பாத்தேன். நிக்கல. குடம் மட்டும் தூக்க விட்டாங்க. "தூக்கு, தூக்கு, நாலு மாசமா மகாராணி மாதிரி ஒக்காந்து தின்னே"ன்னாங்க.

கொடியில இன்னும் ரெண்டு மூணு பிஞ்சுக்குத் தேய்ச்சுப் பாத்தேன். எல்லாம் சரியாத்தான் பண்ணேன், ஆனாலும் விழுந்துடுச்சு. முதல் காய் பெருத்துக்கிட்டே போனதும் கொடி வேற எதையும் தாங்கல. ஒண்ண வளக்குறதுக்கே அதுக்கு சரியா இருந்துச்சு போல. அந்தக் காய அறுத்து எடுத்த மறு வாரமே புதுசா பொம்பளைப் பூ விட்டுச்சு. அதை யாரு அதுக்குச் சொல்றா, எப்படித் தெரியுதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல.

இத்தா முடிஞ்ச அன்னைக்கு அத்தா கார் எடுத்துட்டு வந்தாங்க. மாமி என் துணியெல்லாம் முதல் நாளே பெட்டியில அடுக்கி வெச்சிருந்தாங்க. நான் கேக்காமயே. அத்தாவுக்கு டீ கொடுத்துட்டு முக்காட்டை இழுத்துக்கிட்டுக் கதவோரமா நின்னாங்க.

"கூட்டிட்டுப் போறேன் சம்மந்தியம்மா"ன்னாங்க அத்தா.

"கூட்டிட்டுப் போங்க."

அவ்வளவுதான். யாரோ கடைக்குப் போறேன்னு சொன்ன மாதிரி. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

"என்னை வேணாங்குறீங்களா மாமி?"

"வேணும்னு சொல்ல என் கையில என்னடி இருக்கு? ஒரு புள்ள இருந்திருந்தா வாயத் தொறந்திருப்பேன்."

"புள்ளைக்குத்தான் முட்டை போட்டீங்களா? தீட்டு வந்தப்புறமும் போட்டீங்களே, அது யாருக்கு?"

அத்தா டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டு, "இந்த வீட்டுல நீ எந்த உரிமையில இருப்பே?"ன்னு கேட்டாங்க. திட்டிக் கேக்கல. நெசமாவே கேட்டாங்க. புருசனும் இல்ல, புள்ளையும் இல்ல. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

மாமிதான் கதவை விட்டு ஒரு அடி முன்னாடி வந்தாங்க. "அண்ணே, அவளை யாரும் இங்க என்ன உரிமைன்னு கேக்க மாட்டாங்க. வீடு என்னுது. இருக்கட்டும். நல்ல எடம் வந்தா நீங்களும் நானுமா சேந்து பாப்போம். அதுவரைக்கும் அவ எந்த வீட்டுல தூங்கணும்னு அவளையே கேளுங்க."

அத்தா என்னைப் பாத்தாங்க. முதல் தடவையா கேட்டாங்க. "என்னம்மா?"

"இங்க இருக்கேன் அத்தா"ன்னேன். என் குரலு எனக்கே புதுசா இருந்துச்சு.

"ஒரு மாசம்"னு சொல்லிட்டு அத்தா வெறும் காரோட போயிட்டாங்க. அந்த ஒரு மாசம் இப்ப ஒரு வருசத்துக்கு மேல ஆயிடுச்சு. அத்தா பேசுறாங்க, ஆனா இன்னும் கொஞ்சம் மொகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான்.

போன வாரம் மாமிதான் சொன்னாங்க, முத்துப்பேட்டைப் பக்கத்துலேர்ந்து ஒரு எடம் வந்திருக்குதாம். மாப்பிள்ளைக்கும் இது ரெண்டாவது. ஊரோட கடை வெச்சிருக்காராம், வெளிநாடு இல்லையாம். அதை மாமி ரெண்டு தடவை சொன்னாங்க. வர்ற வெள்ளிக்கிழமை பொம்பளைங்க என்னைப் பாக்க வர்றாங்க. மாமி என்ன சேலைன்னு பீரோவக் கொட்டி வெச்சுக்கிட்டு, இது கருப்பாக் காட்டும், அது வயசாக் காட்டும்னு ஒக்காந்திருக்காங்க. நடுவுல ஒரு சேலைய மடியில வெச்சுக்கிட்டு அப்படியே இருந்தாங்க. அது மச்சான் கடைசி லீவுல வாங்கிட்டு வந்தது. நான் பாத்ததைப் பாத்துட்டு அதைத் தனியா எடுத்து வெச்சாங்க. அடியில வைக்கல, தனியா வெச்சாங்க.

"அவங்ககிட்ட என்னடி கேக்கப் போறே?"ன்னாங்க.

"ஒண்ணுதான் மாமி. கல்யாணத்துக்கப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை இங்க வந்து தங்கலாமான்னு."

"பைத்தியமாடி நீ? யாரு ஒத்துக்குவா?"

"கேட்டுத்தான் பாப்போமே"ன்னேன்.